மறைந்து வரும் மரச்சாமான் கடைகள்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

முரசு வைக்கும் கட்டிலில் அறியாமல் படுத்து உறங்கிவிட்ட மோசிகீரனார் என்னும் புலவருக்குச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய செய்தியைப் பள்ளி நாட்களிலேயே நாம் படித்திருக்கிறோம். மன்னனின் பெருந்தன்மையை விளக்கவே ஆசிரியர்கள் அதனைச் சொல்லித் தந்தார்கள். எனக்கோ அந்தக் கட்டிலின் மீதுதான் கண். தமிழருக்குச் சங்க காலந்தொட்டே கட்டில் உண்டு என்பதற்கு அது சான்றன்றோ? அரியணையையே ‘அரசு கட்டில்’ என்று அழைத்தவர்கள் நாம். ஆங்கிலேயர் வழங்கும் ‘காட்’ என்ற சொல் இந்தி வழியாக அவர்களிடம் போனது. அதன் வேர் திராவிட மொழிகளில் இருக்கிறது என்று கருதும் சொல்லாராய்ச்சியாளர்களும் உண்டு.

கட்டிலை விட்டால் மற்றவை பெரும்பாலும் கப்பலேறி வந்தவை. மேசையும் அலமாரியும் போர்ச்சுக்கீசியர் தந்த சொற்கள். பீரோ பிரெஞ்சுக்காரர் சொல். சோபா அரபு நாட்டிலிருந்து ஐரோப்பா சென்று, அங்கிருந்து நம் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் நம் வீடுகளில் திண்ணை இருந்தது, பாய் இருந்தது, நெல் கொட்டக் குதிரும் துணி வைக்க மரப்பெட்டியும் இருந்தன. வசதியுள்ள வீட்டில் ஊஞ்சல் ஆடியது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘அறைகலன்’ என்று ஒரு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் எங்கள் கீழ்க்கட்டளையில் அச்சொல்லைச் சொல்லி வழி கேட்டால் எவரும் காட்டமாட்டார். பெயர்ப் பலகையில் ‘பர்னிச்சர்’. பேச்சில் ‘கட்டில் பீரோ கடை’, அல்லது மரச்சாமான் கடை. ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரே பெயரில் ஊர் ஊராகக் கிளை பரப்பிய அந்தக் கடைகள் ஏன் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்துகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள். “எல்லாரும் செல்பேசியில் வாங்குகிறார்கள், வேறென்ன?” என்று ஒரே வரியில் பலர் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைகூட ஆகாது. இக்கடைகள் மரத்தோடு சேர்த்து வேறு இரண்டையும் விற்றுக்கொண்டிருந்தன. ஒன்று அவகாசம், மற்றொன்று உத்தரவாதம். அவ்விரண்டும் கைவிட்டுப் போனபின் கடைக்காரர் கையில் மிஞ்சியது வாடகைச் சீட்டு மட்டுமே. எப்படி என்று காண்போம்.

முன்பெல்லாம் கட்டில் வேண்டுமென்றால் ஆசாரியை வீட்டுக்கு அழைப்பார்கள். வீட்டுக்காரர் மரம் வாங்கிப் போடுவார். ஆசாரி உளி, வாள், இழைப்புளியுடன் வந்து, திண்ணையிலோ தோட்டத்து மர நிழலிலோ அமர்ந்து, பத்து நாளோ பதினைந்து நாளோ வேலை செய்வார். கூலியும் கொடுத்துச் சாப்பாடும் போடுவார்கள். இந்த ஏற்பாட்டில் கடைக்கு இடமே இல்லை. நகரத்தில் ஒண்டுக் குடித்தனம் பெருகியபோதுதான் ஆசாரி உட்காரத் திண்ணையும் இல்லை, தோட்டமும் இல்லை என்றாயிற்று. செய்து வைத்த பொருளை வாங்கும் வழக்கம் வந்தது.

அதற்கு இரும்பு பீரோ பெரிதும் துணை செய்தது. 1897 இல் பூட்டுத் தொழிலில் இறங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923 இல் எஃகு அலமாரி செய்யத் தொடங்கியது. நாளடைவில் நிறுவனத்தின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. பக்கத்துத் தெருப் பட்டறையில் தகடு மடக்கிச் செய்த பீரோவையும் என் பாட்டி ‘கோத்ரெஜ்’ என்றே சொல்வார். (பீரோ வாங்குவோர் “எத்தனை கேஜ் தகடு?” என்று கேட்பதைக் கேட்டிருப்பீர்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும். 22 கேஜைவிட 20 கேஜ் தடிமன். இது தெரியாமல், எண் பெரிதாக இருந்தால் பொருளும் உறுதி என்று மகிழ்ந்து வாங்கிப் போகிறவர்கள் இன்றும் உண்டு.) மரக் கட்டிலை ஆசாரி வீட்டில் செய்துவிடலாம், இரும்பு பீரோவைத் திண்ணையில் வைத்துச் செய்ய முடியாது.

இந்த பீரோ எப்படியோ சீர்வரிசைப் பட்டியலிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. கட்டில், மெத்தை, பீரோ, கண்ணாடி வைத்த மேசை என்று பெண் வீட்டார் கொடுத்தாக வேண்டிய பொருள்கள் ஒரு வண்டி நிறைந்தன. மரச்சாமான் கடையின் ஆண்டுக் கணக்கே முகூர்த்த நாட்களை ஒட்டி ஓடுவது. தை பிறந்தால் கடை களைகட்டும். ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். பெண்ணின் தந்தைக்குக் கிடைக்கும் ஒரு மாத வருமானத்தில் இத்தனையும் வாங்க இயலாது; ஆனால் முகூர்த்த நாளுக்குள் வாங்கியாக வேண்டும். இந்த இடைவெளியில் புகுந்ததுதான் தவணைக் கடை.

தமிழ்நாட்டில் தவணை வணிகம் என்றவுடன் பெரியவர்களுக்கு நினைவு வருவது வி.ஜி. பன்னீர்தாஸ் நிறுவனம். வானொலிப் பெட்டி, மின்விசிறி முதலிய வீட்டுப் பொருள்களைத் தவணையில் கொடுத்து நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தது அது. அங்கே விற்பனையாளராக இருந்த எச். வசந்தகுமார் 1978 இல் தனியே ‘வசந்த் அன் கோ’வைத் தொடங்கினார், அது பல கிளைகளாகப் பெருகியது. பின்னர் அவர் கன்னியாகுமரித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்து 2020 இல் மறைந்தார். இவர்களைப் பார்த்துச் சிறிய அளவில் இதே முறையைக் கையாண்ட கடைகள் ஊருக்கு நாலு இருந்தன.

தவணையின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். 12,000 ரூபாய் பீரோ. முன்பணம் 2,000. மீதி 10,000க்கு மாதம் 1,150 வீதம் பத்து மாதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் கட்டுவது 11,500, கூடுதல் 1,500. “பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறு, பதினைந்து விழுக்காடுதானே” என்று தோன்றும். ஆனால் பத்தாயிரமும் பத்து மாதம் நம்மிடம் இருப்பதில்லை; மாதா மாதம் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக நம் கையில் இருக்கும் கடன் 5,500 அளவே. அதற்குப் பத்து மாதத்தில் 1,500 என்றால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 33 விழுக்காடு! கட்டில் விற்றுக் கிடைக்கும் இலாபத்தைவிட அவகாசம் விற்றுக் கிடைக்கும் இலாபம் குறைந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

இதைப் படித்துவிட்டுக் கடைக்காரரை வட்டிக்காரர் என்று திட்ட வேண்டியதில்லை. ஊதியச் சீட்டு இல்லாத கூலித் தொழிலாளிக்கு அந்நாளில் எந்த வங்கி கடன் கொடுத்தது? கடைக்காரர் கொடுத்தார். தெரிந்தவர் ஒருவர் ஜாமீன் சொன்னால் போதும். தவணை அட்டையில் மாதந்தோறும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வசூல்காரர் மிதிவண்டியில் வருவார். வராத மாதத்துக்குக் காத்திருப்பார். அந்த மிதிவண்டி வரும் வரை வாடிக்கையாளருக்கும் கடைக்கும் உறவு உண்டு. கட்டில் கால் ஆடினால் அவரிடமே முறையிடலாம். “மரத்தை மாற்றிக் கொடு, இல்லாவிட்டால் இந்த மாதத் தவணை இல்லை” என்று வாதாடலாம். உத்தரவாதம் என்று நான் முன்னே சொன்னது இதுதான். அச்சடித்த சீட்டைவிட வலிமை உடையது, இன்னும் கட்டி முடிக்காத தவணை.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரிந்து துரைப்பாக்கம் செல்லும் 200 அடி ஆரச்சாலையும், மேடவாக்கம் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடம் கீழ்க்கட்டளை. ஏரியும் வயலுமாக இருந்த ஊர் என்று தாத்தா சொல்வார். பல்லாவரம் நகராட்சியோடு சேர்ந்து இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. அம்மாநகராட்சி பிறந்தது 2021 நவம்பரில். பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் வந்ததும் அங்கே வேலை பார்ப்போருக்கு மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் எங்கும் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. புது வீடென்றால் புதுக் கட்டில் வேண்டாமா? சாலையின் இரு பக்கமும் கண்ணாடி முகப்பு வைத்த மரச்சாமான் கடைகள் தோன்றின. பெரிய நிறுவனங்களின் கிளைகளும் வந்தன.

அப்படி வந்த ஒரு கிளையில்தான் என் தந்தையார் பாலிஷ் வேலை பார்த்தார். நான் பிறந்த 2005 ஆம் ஆண்டில் சேர்ந்தவர், 2021 இல் கிளை மூடப்படும் வரை பதினாறு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலுக்குள் நுழைந்த முதல் ஆள் நான். ஆனால் அரக்கைப் பற்றி எனக்கு முதலில் பாடம் எடுத்தவர் அவர்தான். மரத்தின் மீது வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. அதைச் சாராவியில் (அவர் சொல்வது ‘ஸ்பிரிட்’) கரைத்து, உப்புத்தாள் தேய்த்த மரத்தில், துணிப் பந்தால் வட்ட வட்டமாக இழுக்க வேண்டும். சாராவி ஆவியாகிவிடும், அரக்கு மெல்லிய படலமாக நிற்கும். அதன் மேல் மறுபடி ஒரு பூச்சு, மறுபடி ஒன்று. சூடான தேநீர்க் கோப்பையை அதன்மீது வைத்தால் வெள்ளையாக வளையம் விழும். அதற்கும் அவரிடம் வைத்தியம் உண்டு. கரைப்பான், கரைபொருள் என்று வகுப்பில் சொன்னபோது எனக்கு எங்கள் வீட்டுத் துணிப் பந்தின் வாடைதான் மூக்கில் ஏறியது.

கடையில் அவருடைய வேலை மெல்ல மெல்லக் குறைந்தது. காரணம், மரமே குறைந்ததுதான். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடழிவதை எதிர்த்துத் தொடரப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை நாடெங்கும் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. ‘பர்மா தேக்கு’ என்று நாம் பெருமையாகச் சொல்லும் மரத்தை உருட்டுக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை மியன்மர் அரசு 2014 ஏப்ரலில் நிறுத்தியது. இரண்டுமே காட்டுக்கு நல்லவை. நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடைக்குள் மரத்தின் இடத்தில் பலகை வந்தது. பலகை என்றால் மரப் பலகை அன்று. மரத்தூளையும் சிம்புகளையும் பிசினில் குழைத்துச் சூட்டில் அழுத்திச் செய்யும் துகள் பலகை. மேலே மர நிறத்தில் ஒரு தாள் ஒட்டி வரும். அதற்கு பாலிஷ் வேலையே இல்லை.

வேதியியல் மாணவி என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். துகள் பலகையில் பெரும்பாலும் பயன்படும் பிசின் யூரியா-பார்மால்டிஹைடு. விலை மலிவு, விரைவில் இறுகும், நிறமும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதன் பிணைப்புகள் நீரால் சிதைகின்றன. பலகை செய்யும்போது பெரும் அழுத்தத்தில் நசுக்கி வைத்த துகள்கள், பிடி தளர்ந்தவுடன் நீரைக் குடித்துப் பருக்கின்றன. பிறகு காய வைத்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. திருகாணி இருந்த இடம் மாவாகிவிடும். பீனால்-பார்மால்டிஹைடு பிசின் இட்ட ஒட்டுப்பலகை நீரைத் தாங்கும். அதற்கு விலை கூடுதல். தேக்கின் கதை வேறு. அதனுள்ளேயே எண்ணெய்ப் பசையும், கரையானுக்கு ஆகாத டெக்டோகுயினோன் போன்ற சேர்மங்களும் இருக்கின்றன. ஈரத்தில் அது அதிகம் விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை.

இந்த வேறுபாட்டைத் தென்சென்னைப் புறநகர் மக்கள் 2015 டிசம்பரில் நேரில் கண்டார்கள். முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் நீர் வடிந்தபின் தெருவில் குவிந்து கிடந்தவை பருத்த துகள் பலகைகளே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைப் பக்கமும் அதே காட்சி. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் நீர் போவது இயற்கை வகுத்த வழி. அந்த வழியில் குடியிருப்போருக்கு எந்தப் பலகை ஏற்றது என்று கடையில் எவர் எடுத்துச் சொன்னார்? நம்பி வாங்கிய பொருள் நனைந்து ஊதியபோது, கடையின் பெயரும் அதோடு ஊதிப் போனது. உத்தரவாதச் சீட்டில் ‘நீர்ச் சேதம் நீங்கலாக’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

தந்தையார் எங்களுக்குச் சொல்லித் தந்த சோதனை ஒன்றுண்டு. “முன்னாடிப் பக்கம் எல்லாரும் தேக்குதாம்மா வைப்பான். டிராயரை உருவிப் பின்னாடி திருப்பிப் பாரு” என்பார். இழுப்பறையின் அடிப்பலகையும் முதுகும் எதனால் ஆனவை என்று பார்த்தாலே பொருளின் தரம் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள், நண்பர்களே.

அடுத்து, அவகாசம் கைமாறிய கதை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சிறு கடன் கொடுக்க முன்வந்தபோது கடைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். வசூல்காரர் தேவையில்லை, வாராக்கடன் தொல்லையில்லை, பொருள் வெளியேறிய உடனே பணம் வந்துவிடுகிறது. ‘வட்டியில்லாத் தவணை’ என்று பலகை மாட்டினார்கள். வட்டி இல்லாமல் பணம் ஏது? கடைக்காரர் தம் இலாபத்தில் ஒரு பங்கை நிதி நிறுவனத்துக்குத் தள்ளுபடியாகக் கொடுக்கிறார், அதுதான் வட்டி. அந்தப் பங்கும் விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால், முழுப் பணத்தை எண்ணி வைத்து வாங்குகிறவரும் தமக்குத் தெரியாமலே அவ்வட்டியில் பங்கெடுக்கிறார். பூஜ்ய வட்டி என்பதே இல்லாத ஒன்று என்று சொல்லி, வங்கிகள் அப்பெயரில் கடன் வழங்குவதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் தடுத்தது. பிறகு ‘செலவில்லாத் தவணை’ என்ற வேறு பெயரில் நிதி நிறுவனங்களின் வழியே அது தொடர்கிறது.

இதனால் கடைக்கு நேர்ந்தது என்ன? முன்பு கிடைத்த வட்டி வருமானம் நின்றது. எதிர்மாறாக வட்டியைத் தானே கட்டும்படி ஆயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு உறவு அறுந்ததுதான். வாடிக்கையாளர் இப்போது நிதி நிறுவனத்தின் வாடிக்கையாளர். அதே தவணையில் அவர் எந்தக் கடையிலும் வாங்கலாம், செல்பேசியிலும் வாங்கலாம். ஒரே கடைக்குத் திரும்பி வர அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

அப்படியென்றால் கடனைத் தாமே கொடுத்துக்கொண்டிருந்த கடைகள் பிழைத்தனவா என்று கேட்கலாம். அமெரிக்காவைப் பாருங்கள். 1890 இல் டெக்சாசில் வேர்விட்ட ‘கான்ஸ்’, 1904 இல் புளோரிடாவில் தோன்றிய ‘பேட்காக்’ ஆகிய இரண்டும் சொந்தக் கடனில் மரச்சாமான் விற்றவை. 2023 டிசம்பரில் முன்னது பின்னதை வாங்கியது. 2024 ஜூலையில் இரண்டும் சேர்ந்தே நொடித்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. விலைவாசி ஏறி, வாங்கியவர்கள் தவணை கட்டத் தவறியபோது, அந்தப் பாரம் முழுவதும் கடையின் தலையிலேயே விழுந்தது. சொந்தக் கடன் கொடுத்தால் வாராக்கடன் கொல்கிறது. கொடுக்காவிட்டால் உறவு அறுகிறது. மரச்சாமான் வணிகர் நிற்கும் இடம் இதுதான்.

இதற்கிடையே பிழைத்த ஒன்றைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் உள்ளவர்கள் அறிந்திருப்பார்கள். ‘கோர்ட்ஸ்’ என்பது 1850 இல் இங்கிலாந்தின் காண்டர்பரி நகரில் தொடங்கிய மரச்சாமான் கடை. தவணை விற்பனையே அதன் உயிர். 1974 இல் சிங்கப்பூரில் கிளை திறந்தது. தாய் வீட்டில் அந்நிறுவனம் 2004 இல் வீழ்ந்தது. சிங்கப்பூர்க் கிளையோ வாழ்ந்தது. 2019 இல் ஜப்பானிய நிறுவனமான நொஜிமாவின் கைக்குப் போய் இன்றும் நடக்கிறது. ஏன்? அங்கே கட்டிலோடு தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் கணினியும் செல்பேசியும் விற்றார்கள். கட்டில் வாங்கியவர் மறுபடி கட்டில் வாங்கப் பத்தாண்டு ஆகும்; செல்பேசி வாங்கியவர் இரண்டாண்டில் வருவார். நம் ‘வசந்த் அன் கோ’ நிலைத்திருப்பதற்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து. மரச்சாமானை மட்டும் நம்பிய கடைதான் முதலில் சாய்கிறது.

இடத்தின் கணக்கும் அதையே சொல்கிறது. ஒரு மூன்று இருக்கை சோபா, சுற்றி நடக்க வழி விட்டால், 50 சதுர அடியை அடைத்துக்கொள்ளும். சதுர அடிக்கு மாதம் 60 ரூபாய் வாடகை என்று கொண்டால், விற்காத ஒவ்வொரு மாதமும் அந்த சோபா 3,000 ரூபாயைத் தின்கிறது. நான்கு மாதம் நின்றால் 12,000. அதே இடத்தில் நூறு செல்பேசிகளை அடுக்கிவிடலாம். இதற்கு மேல் வரி. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது மரச்சாமானுக்கு 28 விழுக்காடு விதித்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் 18 ஆகக் குறைத்தார்கள். ஆண்டு விற்பனை 40 இலட்சத்துக்குள் இருக்கும் சிறு பட்டறைக்காரர் பதிவு செய்ய வேண்டியதில்லை. கிளைகள் வைத்திருக்கும் நிறுவனம் தப்ப முடியாது. அதனால்தான் கணக்குத் தெரிந்த குடும்பங்கள் குன்றத்தூருக்கு அப்பால் அமரம்பேடு வரை வண்டி கட்டிப் போய், பட்டறை வாசலிலேயே பேரம் பேசி வாங்கி வருகின்றன.

புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடுகளிலோ பீரோவுக்கு இடமே வைப்பதில்லை. சுவரோடு சுவராக அலமாரி அடித்துவிடுகிறார்கள். வாடகை வீட்டில் இருக்கும் இளைஞர்கள் கட்டிலையும் மாத வாடகைக்கு எடுக்கிறார்கள். என் பாட்டியிடம் இதைச் சொன்னபோது, “பொணம் தூக்குற பாடையத்தான் வாடகைக்கு எடுப்பாங்க” என்று கடிந்துகொண்டார்.

இணைய வணிகத்தைக் கடைசிக்கு வைத்தேன். அது கடைகளை வாட்டியது மெய், தானும் செழித்துவிடவில்லை. 2012 இல் பெங்களூரில் தொடங்கிப் புகழ்பெற்ற ‘அர்பன் லேடர்’ நிறுவனத்தின் 96 விழுக்காட்டுப் பங்குகளை 2020 நவம்பரில் ரிலையன்ஸ் 182 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதலீட்டாளர்கள் அதில் கொட்டிய பணத்தைவிட அது மிகக் குறைவு. புத்தகத்தைப்போல் கட்டிலை உறையில் போட்டு அனுப்ப முடியுமா? குட்டியானை வண்டி வேண்டும், மூன்றாம் மாடிக்குத் தூக்க ஆள் வேண்டும், பூட்டித் தரத் தச்சர் வேண்டும், கீறல் விழுந்தால் திரும்ப எடுக்க வேண்டும். சுவீடன் நாட்டு ‘ஐகியா’ 1956 முதல் மேசைக் காலைக் கழற்றித் தட்டையான பெட்டியில் விற்று, இந்த வேலையை வாங்குகிறவர் தலையிலேயே வைத்துவிட்டது. நம் ஊரில் அது எளிதன்று. பெட்டியைப் பிரித்துத் திருகாணியை எண்ணும் முன்பே, “பூட்டுற ஆள் எப்ப வருவாரு?” என்று கேட்பவர்கள் நாம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மண்டபத் திருமணங்கள் நின்றன. வீட்டு வாசலில் ஐம்பது பேர் முன்னிலையில் தாலி கட்டிய குடும்பங்கள் சீர்வரிசையைச் சுருக்கிக்கொண்டன. அந்த ஒன்றில் மட்டும் எனக்கு வருத்தமில்லை. 2018 இல் என் அக்காவுக்குக் கட்டிலும் பீரோவும் தவணையில் எடுத்து, அந்தத் தவணை முடிவதற்குள் குழந்தையே பிறந்துவிட்டது. எனக்கு பீரோ வேண்டாம், எம்.எஸ்சி. போதும் என்று இப்போதே வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

தந்தையார் வேலை பார்த்த கிளை மறு ஆண்டு மூடப்பட்டது. பதினொரு பேர் இருந்தார்கள். கடைசி இரண்டு மாதச் சம்பளம் நான்கு தவணையாக வந்தது. சுமை தூக்கிய மூவரில் ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். விற்பனைப் பிரிவில் இருந்த ஒருவர் இணைய நிறுவனத்தின் பொதிகளை வீடு வீடாகக் கொடுக்கிறார். பூட்டும் வேலை செய்த இருவரும் அமரம்பேட்டுக்குப் போய்விட்டார்கள். தந்தையார் தொலைபேசி அழைப்பு வந்தால் வீடுகளுக்குப் போய்ப் பழைய தேக்குச் சாமான்களுக்கு மறு பாலிஷ் போட்டுத் தருகிறார். வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தைக்கும் போகிறார். அங்கே பழைய கட்டில், நாற்காலி வாங்கும் வியாபாரிகள் அவரைக் கொண்டு மெருகேற்றி விற்கிறார்கள். மழைக் காலத்தில் அரக்குப் பூச்சு ஈரத்தை இழுத்து வெளுத்துவிடும் ஆதலால், ஐப்பசி, கார்த்திகையில் வேலை குறைவு. என் பருவத் தேர்வுக் கட்டணம் அந்த மாதங்களில்தான் வரும்.

மேடவாக்கம் சாலையில் இப்போது மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ தடத்துக்கான வேலை நடக்கிறது. கீழ்க்கட்டளையும் அதில் ஒரு நிலையம். தடுப்புகளுக்கு நடுவே வண்டி நிறுத்த வழியில்லாத கடைக்கு சோபா பார்க்க யார் வருவார்? எஞ்சியிருக்கும் மரச்சாமான் கடைகளில் சில, தரைத்தளத்தைக் கைப்பேசிக் கடைக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டுக் கட்டில்களை மாடிக்கு ஏற்றிவிட்டன.

தந்தையார் இருந்த அந்தக் கிளையின் இடத்தில் இன்று மின்சார ஸ்கூட்டர் விற்கிறார்கள். நுழைந்தவுடன் வலப்பக்கம், நிதி நிறுவனத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தவணைப் படிவங்களோடு அமர்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வண்டி எடுக்கப் போனபோது தந்தையாரும் உடன் சென்றார். படிவம் நிரப்பி முடிக்கும் வரை அந்த இளைஞரின் மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, துகள் பலகைதான் என்று வந்து சொன்னார்.